பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட வேலை, புதிய விலைக்கு வாங்கும் பொருள்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நீரோட்டம் | திருச்சி | 3 மே 2025

வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாகப் பிளம்பிங் வேலை எடுத்துச் செய்கிறேன். என்னை நம்பி நான்கு பேர் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டுக்குப் பொருளும் கூலியும் சேர்த்து ஒரே தொகையாகச் சென்ற புரட்டாசியில் ஒப்புக்கொண்டேன். ஆறு மாதத்தில் முடிய வேண்டிய வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சூளைகள் நின்றதால் செங்கல் வரவில்லை. தை மாதம் வேகம் எடுத்தது. மேல்தளச் சுவர் ஏறுகிற நேரத்தில், ஏப்ரல் நடுவில் கல்குவாரி, கிரஷர் வேலைநிறுத்தம் தொடங்கியது. கனிம நிலங்களுக்கான புதிய வரியை எதிர்த்து மாத இறுதிவரை நிறுத்தியிருந்தார்கள். பாறையை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் மணல் இல்லை, ஜல்லி இல்லை, கலவை இல்லை. சுவர் ஏறாமல் நான் எதைக் காடி வெட்டிக் குழாய் பதிப்பது? காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் ஓடுகிற ஊரில் நின்றுகொண்டு, கரூர் மாவட்டத்துக் க.பரமத்திக் குவாரிகளிலிருந்து லாரி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது லாரி வரத் தொடங்கியிருக்கிறது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஏற்றிய விலையில் ஒரு பகுதியைக் குறைத்தும் விட்டார்கள். ஆனால் புரட்டாசியில் நான் போட்ட கணக்கு இன்று என் கையில் நிற்கவில்லை. பித்தளை மரை வைத்த இணைப்புகள் இரண்டு முறை விலை ஏறிவிட்டன. பையன்களுக்கு வேலை இல்லாத நாட்களிலும் பாதிக் கூலி கொடுத்தேன். கொடுக்காவிட்டால் அடுத்த வாரம் அவர்கள் வேறு தளத்தில் இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஓய்வு பெற்றவர். நேற்று என்னிடம், "சுவருக்குள் போவதுதானே தம்பி, கொஞ்சம் கனம் குறைந்த குழாயாகப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்ளுங்களேன்" என்றார். எனக்கு நஷ்டம் வரக்கூடாது என்ற எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் மறுத்துவிட்டேன். அதற்குக் காரணம் 2021.

அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனிப்புயல் அடித்து, அங்குள்ள பெட்ரோகெமிக்கல் ஆலைகள் உறைந்து நின்றன. குழாய் செய்கிற பிவிசி மூலப்பொருளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிற நாடு நம்முடையது. கொரோனாத் தொடக்கத்தில் இருந்த விலையோடு பார்த்தால், 2021 முடிவதற்குள் மூலப்பொருள் விலை ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. அப்போது ஒரு வீட்டில் நான் தளர்ந்தேன். குழாயை நல்லதாகப் போட்டுவிட்டு, எல்போவையும் டீயையும் மட்டும் முத்திரை இல்லாத மலிவுச் சரக்காக வாங்கினேன். 1,900 ரூபாய் மிச்சம். இரண்டு ஆண்டு கழித்து அந்த வீட்டம்மா தொலைபேசியில் அழைத்தார். குளியலறைக்குப் பின்புறம் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. விரலால் அழுத்தினேன், ஈரப் பூச்சு உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. பதினோரு டைல்ஸை உடைத்த பிறகுதான் இடம் தெரிந்தது. எல்போவின் உள்வளைவில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். அதில் பொட்டுப் பொட்டாக நீர் கோத்து நின்றது. அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்காமல் ஒரு சுவர் முழுவதும் மாற்றினேன். 38,000 ரூபாய் என் கையிலிருந்து போனது. அந்த அம்மா ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது.

அதனால் சுவருக்குள் போவதில் கை வைக்க மாட்டேன். ஆனால் ஏறிய விலையை யார் தாங்குவது? ஒப்பந்தத்தை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்? பாதி வேலையில் விலை ஏறினால் வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுகிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


இரும்புக்கடை | திண்டுக்கல் | 3 மே 2025

நீரோட்டம் அண்ணா, கடைக்காரன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். விலை ஏறும்போது எல்லோரும் எங்களைத்தான் சந்தேகிக்கிறார்கள். குழாய் நிறுவனங்களிடமிருந்து மாலை ஆறு மணிக்குப் புதிய விலைப்பட்டியல் வரும். மறுநாள் காலையிலிருந்து அதுதான் விலை. பழைய சரக்கைப் பழைய விலைக்கு விற்றால், அந்தப் பணத்தில் அதே அளவு சரக்கை நான் திரும்ப எடுக்க முடியாது. கடை மாதத்துக்கு மாதம் காலியாகிக்கொண்டே போகும்.

நான் செய்வது இதுதான். கொட்டேஷன் கொடுத்தால் அது ஏழு நாளுக்குத்தான் செல்லும் என்று மேலேயே எழுதிவிடுகிறேன். முன்பணம் கொடுத்து விலையைப் பிடித்து வைக்க விரும்புபவர்களுக்கு அன்றே பில் போட்டுவிடுகிறேன். எந்தக் கம்பெனி, எந்த வகை, எத்தனை நீளம் என்று பில்லில் இருக்கும். பில் இல்லாமல் "புக் செய்து வைத்திருக்கிறேன்" என்று சொல்கிற எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள். அது விலையைப் பிடித்து வைப்பது ஆகாது, அவருக்குக் கைமாற்றுக் கொடுப்பதாகத்தான் முடியும்.

வாங்கி வைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பிவிசி குழாயையும் சுடுநீர் தாங்குகிற சிபிவிசி குழாயையும் வாங்கி வைக்கலாம், ஆனால் வெயிலில் போடக்கூடாது. மொட்டை மாடியில் வெயிலில் கிடந்த குழாய் வெளிறி, அடி தாங்குகிற வலுவும் குறைந்துவிடும். ஒட்டும் சால்வென்ட் டப்பாவை மொத்தமாக வாங்கவே வேண்டாம்; அடியில் தேதி இருக்கிறது, பாருங்கள். திறந்த டப்பா கூழாகிவிட்டால் தின்னர் ஊற்றிக் கலக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இணைப்பு ஒருநாள் வாய் திறக்கும்.

கம்பி விஷயத்தில் ஒன்று. விலை ஏறுகிற நேரத்தில்தான் எடை குறைந்த கம்பி சந்தையில் அதிகம் புழங்கும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.888 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.66 கிலோ இருக்க வேண்டும். இந்தத் தடிமனுக்கு ஐந்து விழுக்காடு வரை கூடக் குறைய இருக்கத் தரவிதி இடம் கொடுக்கிறது. அதற்கும் கீழே போனால் வாங்காதீர்கள். எண்ணிக்கைக் கணக்கில் "மலிவு" என்று வாங்கினவர் எடை போட்டுப் பார்த்தால் மலிவு எங்கே போனது என்று தெரியும்.


வீடு கட்டும் ஆசிரியர் | மதுரை | 4 மே 2025

நான் கட்டுபவனும் இல்லை, விற்பவனும் இல்லை. வங்கிக் கடனில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

வங்கி பணத்தை மொத்தமாகத் தருவதில்லை. கடைகால் முடிந்தால் ஒரு தவணை, தளம் போட்டால் ஒரு தவணை. விலை குறைவாக இருக்கிற மாதத்தில் எங்கள் கையில் பணம் இருக்காது. பணம் வருகிற மாதத்தில் விலை ஏறியிருக்கும். அதற்குப் பயந்து ஒரு தவறு செய்தேன். சென்ற ஆண்டு, சிமென்ட் விலை ஏறப்போகிறது என்று எங்கள் ஒப்பந்தக்காரர் சொன்னதைக் கேட்டு, நகையை வைத்து 180 மூட்டை வாங்கிப் பக்கத்து வீட்டுக் கொட்டகையில் அடுக்கினேன். விலை ஏறவில்லை. மழை வந்தது. அடிவரிசை மூட்டைகளைத் தூக்கியபோது தலையணையைத் தூக்குவது போல இல்லை. பாறாங்கல்லைத் தூக்குவது போல இருந்தது. பையைக் கிழித்தால் உள்ளே பையின் வடிவத்திலேயே ஒரு கல். 31 மூட்டை அப்படிப் போனது. மிச்சத்தையும் தளத்துக்குப் பயன்படுத்த வேண்டாம், பூச்சுக்கும் தரைக்கும் போடுங்கள் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். மூட்டை மேல் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும், மூன்று மாதத்தைத் தாண்டினால் வலு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும் என்பதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும்.

நீரோட்டம் ஐயா, நீங்கள் மறுத்தது சரி. ஒரு வேண்டுகோள். விலை ஏறினால் ஏறிய அன்றே எங்களிடம் சொல்லுங்கள். கடைசி நாளில் மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லும்போதுதான் எங்களுக்கு வயிறு எரிகிறது. அன்றே சொன்னால் எதையாவது தள்ளிப்போடலாம். அலமாரியோ, கேட்டோ, மேல்தள பெயின்டோ.


சித்தாள் மகள் | கோவை | 5 மே 2025

இந்த இழையை மூன்று முறை படித்தேன். என் அம்மா முப்பது ஆண்டு சித்தாள் வேலை பார்த்து என்னைச் சிவில் படிக்க வைத்தார். இப்போது சிறிய வீடுகளை நானே எடுத்துக் கட்டிக்கொடுக்கிறேன். ஒப்பந்தம் எப்படி எழுதுவது என்று நீரோட்டம் அண்ணா கேட்டதற்கு நேரடியாக வருகிறேன்.

அரசு வேலையில் இதற்கு எப்போதோ வழி செய்துவிட்டார்கள். மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் 10-சிஏ, 10-சிசி என்று பிரிவுகள் உண்டு. சிமென்ட், கம்பி போன்றவற்றின் விலை மாறினால் அதற்கேற்ப ஒப்பந்தக்காரருக்குக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பார்கள். பாலம் கட்டுகிற நிறுவனத்துக்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பு, நான்கு ஆள் வைத்துக் குழாய் பதிக்கிறவருக்கு ஏன் இருக்கக்கூடாது? நாம் எழுதிக்கொண்டால் இருக்கும்.

என் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பொருளின் அன்றைய விலையை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம்: சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி, செங்கல். ஐந்து விழுக்காடு வரை ஏறினால் என்னுடையது. அதற்கு மேல் ஏறினால் வீட்டுக்காரருடையது. இறங்கினாலும் இதே கணக்கு; ஐந்துக்கு மேல் இறங்கியதை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 4,000 கிலோ கம்பி என்று வையுங்கள். எழுதிய விலை கிலோ 60 ரூபாய், வாங்கும்போது 66. ஏற்றம் 24,000 ரூபாய். முதல் மூன்று ரூபாய் என் பங்கு, 12,000. அடுத்த மூன்று ரூபாய் அவர் பங்கு, 12,000. ஒருவர் தலையில் மட்டும் விழுந்தால் சண்டையாகியிருக்கும்.

இதில் இறங்குவது என்ற பகுதியை யாரும் விட்டுவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் கம்பி விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி போட்டதும் மளமளவென்று இறங்கியது. ஏறியபோது கூடுதல் கேட்ட ஒப்பந்தக்காரர்களில் எத்தனை பேர் இறங்கியபோது திருப்பிக் கொடுத்தார்கள்? வீட்டுக்காரர்கள் நம்மை நம்பாமல் போனது அப்படித்தான்.

செங்கல் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் தடாகம் பள்ளத்தாக்கில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. உரிமம் இல்லாமல் செம்மண்ணைத் தோண்டி ஓடைகளைப் பாழாக்கியதால் வந்த வினை. மூடியது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஆண்டு செங்கலுக்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்போதுதான் பல தளங்களில் தாங்கு சுவர் அல்லாத இடங்களுக்குச் சாம்பல் செங்கல்லும், காற்றுத் துளைகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல்லான ஏஏசி பிளாக்கும் வந்தன. ஏஏசி சுவரில் குழாய் பதிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சுத்தியலும் உளியும் வைத்து அடிக்காதீர்கள், பிளாக் பிளந்துவிடும். கட்டர் வைத்து இரண்டு கோடு அறுத்துவிட்டு நடுவை எடுங்கள்.

எம்-சாண்ட் லாரியை அளக்காமல் இறக்கவிடாதீர்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. பெட்டி 14 அடி நீளம், 7 அடி அகலம், மணல் 3 அடி உயரம் என்றால் 294 கன அடி. அதை மூன்று யூனிட் என்பார்கள், பரவாயில்லை. ஆனால் நடுவில் குவித்து ஓரத்தில் இறக்கியிருந்தால் மூன்று அடி எங்கே இருக்கிறது? நான்கு மூலையிலும் நடுவிலும் கம்பியைக் குத்தி அளந்து சராசரி எடுங்கள். ஈர மணல் உப்பி நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு ஈர மணலைப் போட்டு, கோடு கிழித்து, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி அமர விடுங்கள். எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அவ்வளவு காற்றுக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். என் அம்மாவுக்குப் படிப்பு இல்லை; இதை எனக்கு அவர்தான் காட்டினார்.

கடைசியாக, கூலி. பொருள் விலை ஏறும்போது முதலில் வெட்டப்படுவது சித்தாள் கூலிதான். சிமென்ட் ஆலையிடம் பேரம் பேச முடியாது, சித்தாளிடம் பேச முடியும் என்பதால். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.


கடைகால் | சென்னை | 5 மே 2025

சகோதரி எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் நான் அடிபட்டவன். இப்படி ஒரு பிரிவைச் சேர்த்து நான்கு பேரிடம் காட்டினேன். நான்கு பேரும் பக்கத்துத் தெருவில், "சதுர அடிக்கு இவ்வளவு, சாவி உங்கள் கையில்" என்று சொன்னவரிடம் போய்விட்டார்கள். சதுர அடி விலை என்று ஒன்று இருக்கும்வரை நேர்மையாக எழுதுகிறவனுக்கு வேலை கிடைக்காது. அந்த ஒற்றை எண்ணுக்குள் என்ன சிமென்ட், எத்தனை கிலோ கம்பி, எந்தக் குழாய் என்று யாரும் கேட்பதில்லை. விலை ஏறினால் அந்த எண் மாறாது, உள்ளே இருக்கிற பொருள் மாறிவிடும். அல்லது தளம் போட்ட பிறகு ஆள் வராமல் நின்றுவிடுவார். ஒப்பந்தக்காரர் ஓடிப்போன வீடுகள் எங்கள் பகுதியில் மட்டும் மூன்று நிற்கின்றன. அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். கணக்கு கையை மீறிப் போனவர்களும் அதில் இருக்கிறார்கள்.

எனக்கு இப்போது கை கொடுப்பது கூலி ஒப்பந்தம் மட்டும்தான். பொருளை வீட்டுக்காரரே வாங்குகிறார்; பட்டியலை நான் எழுதித் தருகிறேன். லாபம் குறைவு. இரவில் தூங்குகிறேன்.


வலிகாமத்தான் | யாழ்ப்பாணம் | 6 மே 2025

நீங்கள் எல்லோரும் விலையைப் பற்றி எழுதுகிறீர்கள். விலை கொடுக்கத் தயாராக இருந்தும் பொருள் இல்லாத காலம் ஒன்றை நாங்கள் பார்த்துவிட்டோம், அதனால் எழுதுகிறேன்.

2021 ஐப்பசி வரை இங்கு ஒரு மூடை சீமெந்து ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் இருந்தது. விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகும் கடைகளில் சீமெந்து இல்லை. கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லை. 2022 பங்குனியில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். இருநூறை ஒட்டி இருந்த டொலர் சில கிழமைகளில் முந்நூறைத் தாண்டிப் போனது. 2022 நடுப்பகுதியில் அதே மூடை மூவாயிரம். தரை ஓடு, குளியலறைப் பொருட்கள் எல்லாம் அதற்கு முன்பே இறக்குமதிக் கட்டுப்பாட்டில் இருந்தன. டீசலுக்கு வரிசை, அதனால் மணல் உழவு இயந்திரமும் வராது. மின்வெட்டு, அதனால் கல் அரியும் பட்டறையும் ஓடாது. காங்கேசன்துறையில் எங்கள் சீமெந்து ஆலை 1990-இல் நின்றது, நின்றபடியே கிடக்கிறது. அந்த வீதியால் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு போவேன்.

வீட்டுத்திட்டத்தில் தவணைக் காசை நம்பி அத்திவாரம் போட்ட சனங்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். இருந்த கொட்டிலைப் பிரித்துவிட்டு வீட்டைத் தொடங்கியவர்கள். அடுத்த தவணை வரவில்லை. வந்திருந்தாலும் அந்தக் காசுக்கு மூன்றில் ஒரு பங்கு சீமெந்துதான் கிடைத்திருக்கும். வன்னியில் கூரை இல்லாத சுவர்களுக்கு நடுவில் தறப்பாள் கட்டி இருந்த ஒரு குடும்பத்துக்கு நான் வேலை செய்தேன். மேசன்மாரான நாங்கள் நான்கு பேர் கூடி ஒரு முடிவெடுத்தோம். முழு வீட்டையும் முடிக்க முடியாது. ஒரு அறையையும் மலசலகூடத்தையும் மட்டும் முடித்துக் கொடுப்போம், மிச்சச் சுவர்களின் தலைப்பில் மழை இறங்காமல் சாந்து பூசி விடுவோம் என்று. சேர்த்து வைத்திருந்த சீமெந்து அதற்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. வெளிப்பூச்சு பூசவில்லை. அந்தப் பிள்ளைகள் மாரிக்கு உள்ளே படுத்தார்கள்.

தண்ணீர் வேலையிலும் அப்படித்தான் செய்தோம். புதுப் பைப் கிடைக்கவில்லை. பழைய வீடுகளை உடைக்கிற இடங்களில் கழற்றிய வால்வுகளையும் பித்தளைக் குழாய்த் தலைகளையும் வாங்கி, வொஷர் மாற்றிப் போட்டோம். பழைய பித்தளை கனமானது, இன்றைக்கும் ஒழுகவில்லை. ஆனால் பாவித்த பிவிசி பைப்பை மட்டும் ஒரு இடத்திலும் போடவில்லை. நீரோட்டம் அண்ணை சொன்ன அதே காரணம்தான்.

எங்களுக்கு அப்போது விளங்கியது, ஒரு வீட்டை எந்த இடத்தில் நிறுத்தினால் பழுதாகாமல் நிற்கும் என்று முதலே யோசித்துக் கட்ட வேண்டும் என்பது. கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் அதற்குச் சீமெந்துப் பால் பூசி மூட வேண்டும். காசு தீரும் நாள் எது என்று வீட்டுக்காரருக்கும் மேசனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.


வீடு கட்டும் ஆசிரியர் | மதுரை | 6 மே 2025

வலிகாமத்தான் அண்ணா, இதைப் படித்துவிட்டு என் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேல்தளத்தைத் தொடங்கவில்லை. கீழ்தளத்தை முழுதாக முடிக்கிறேன். படிக்கட்டு மட்டும் மேலே போகும்.


புதிய பிளம்பர் | விருதுநகர் | 7 மே 2025

நான் தொழிலுக்கு வந்து மூன்று ஆண்டுதான் ஆகிறது. சுவருக்குள் போவதில் குறைக்கக்கூடாது என்றால் வேறு எங்கே குறைக்கலாம்? முதலாளி அண்ணன்கள் இதைச் சொல்லித் தருவதில்லை.


நீரோட்டம் | திருச்சி | 7 மே 2025

தம்பி, நல்ல கேள்வி. மிச்சம் பிடிக்க வேண்டிய நேரம் குழாய் வாங்கும் நேரம் அல்ல. வரைபடம் போடும் நேரம்தான். இரண்டு குளியலறையையும் முதுகோடு முதுகு ஒட்டி வைத்தால், மேல்தளத்துக் குளியலறையைக் கீழ்தளத்துக்கு நேர் மேலே வைத்தால், சமையலறைத் தொட்டியை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால், குழாய் நீளம் மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீளம் குறைந்தால் எல்போ குறையும், இணைப்பு குறையும், ஒழுக வாய்ப்பும் குறையும். கடைகால் தோண்டுவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் போய் உட்கார். நம்மை யாரும் அழைக்க மாட்டார்கள், நாமேதான் போக வேண்டும்.

அடுத்தது, குழாயின் எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சிபிவிசியில் எஸ்டிஆர் 11, எஸ்டிஆர் 13.5 என்று போட்டிருக்கும். வெளிவிட்டத்தைச் சுவர்க் கனத்தால் வகுத்தால் வருகிற எண் அது. எண் சிறியதாக இருந்தால் சுவர் தடிப்பு. முக்கால் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 22.2 மி.மீ. எஸ்டிஆர் 11 என்றால் சுவர் இரண்டு மி.மீ. ஹீட்டரிலிருந்து வருகிற சுடுநீருக்கு எஸ்டிஆர் 11-தான் போடுகிறேன். மாடித் தொட்டியிலிருந்து வெளிச்சுவரில் இறங்குகிற குளிர்நீருக்குச் சிபிவிசியே தேவையில்லை, யுபிவிசி போதும். அங்கே மிச்சம் பிடிக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற இடம், ஒழுகினால் ஏணி வைத்து மாற்றிவிடலாம். கழிவுநீர்க் குழாயில் ஏ வகை, பி வகை என்று உண்டு. 110 மி.மீ.யில் ஏ வகையின் சுவர் 2.2 மி.மீ., பி வகை 3.2 மி.மீ. மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் ஏ போதும். கழிவறைக் குழாய்க்கு பி. விலை ஏறும்போது எல்லாவற்றுக்கும் ஏ வகையைப் போட்டுவிடுவார்கள். ஒரே நிறம், வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. உனக்குத் தெரியும்.

குழாய்த் தலைகள், ஷவர், வாஷ்பேசின் எல்லாம் பின்னால் வாங்கலாம். மரை ஒன்றுதான், இன்று 300 ரூபாய்க் குழாய் போட்டு, கை நிறைந்தபோது நல்லதாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடுகிற டைவர்ட்டரின் சுவருக்குள் போகிற உள்பாகத்தை அன்றே நல்லதாகப் போடு.

எதைப் போட்டாலும் அழுத்தம் பார்க்காமல் பூச விடாதே. எல்லா வாயையும் அடைத்து, காற்றை வெளியேற்றி, கைப்பம்பில் பத்து கிலோ ஏற்றிவிட்டு, அழுத்த மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பேனாவால் கண்ணாடியில் ஒரு கோடு கிழி. ஒரு இரவு விடு. கொத்தனார் அவசரப்படுவார், டீ வாங்கிக் கொடுத்துக் காத்திருக்கச் சொல்.


கடைகால் | சென்னை | 7 மே 2025

முத்திரையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். குழாய் மேல் ஐஎஸ்ஐ முத்திரையோடு உரிம எண் இருக்கும். இந்தியத் தர அமைவனத்தின் கைபேசிச் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருக்குக் கொடுத்த உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வீட்டுக்காரர் முன்னாலேயே தட்டிக் காட்டுங்கள். பொருளை நம்பினால் விலையையும் நம்புகிறார்கள். சகோதரியின் ஐந்து பொருள் பட்டியலை இந்த முறை மீண்டும் ஒருவரிடம் காட்டிப் பார்க்கிறேன்.


இரும்புக்கடை | திண்டுக்கல் | 9 அக்டோபர் 2025

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது. வரிக்கு முந்தைய விலை 300 என்று வைத்தால், முன்பு 384, இப்போது 354. மூட்டைக்கு 30 ரூபாய். பொருளோடு சேர்த்து ஒப்பந்தம் போட்டவர்கள் இதைக் கணக்கில் எடுத்தார்களா? கம்பிக்கும் பிவிசி குழாய்க்கும் பழைய 18-தான், அதில் மாற்றம் இல்லை. வரி குறைந்தது என்று யாரும் குழாயில் தள்ளுபடி கேட்டு வர வேண்டாம் என்பதற்காகவும் சொல்கிறேன்.


சித்தாள் மகள் | கோவை | 9 அக்டோபர் 2025

எடுத்தேன். நடந்துகொண்டிருக்கிற வீட்டில் இன்னும் 210 மூட்டை வாங்க வேண்டியிருந்தது. எழுதிய விலையிலிருந்து ஏழு விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருந்தது. ஐந்துக்கு மேற்பட்டதை அடுத்த பில்லில் கழித்துக் கொடுத்தேன். சின்னத் தொகைதான். அந்த அம்மா பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படியும் வருமா?" என்று கேட்டார். ஜனவரியில் அவர் தங்கை வீட்டைத் தொடங்குகிறோம். ஒப்பந்தத்தில் அந்தக் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் கேட்டது தங்கைதான்.


நீரோட்டம் | திருச்சி | 12 அக்டோபர் 2025

ஸ்ரீரங்கம் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மே மாதம் இங்கே எழுதியதைப் படித்த பிறகு, பழைய பில்லையும் புதிய பில்லையும் எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரே கூட்டிப் பார்த்தார். வித்தியாசம் 14,600 ரூபாய். பாதியைத் தான் தருவதாகச் சொன்னார். மாடிக் குளியலறைக்கு வாங்க நினைத்திருந்த கண்ணாடித் தடுப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்தார். மீதிப் பாதி என்னுடையது, அதில் வருத்தமில்லை.

பூச்சுக்கு முந்தைய நாள் மாலை அழுத்தம் ஏற்றினோம். பெரியவர் நாற்காலி கொண்டுவரச் சொல்லி மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கோட்டை அவர் பேனாவாலேயே கிழிக்கச் சொன்னேன். காலை ஆறரைக்கு நான் போனபோது அவர் எனக்கு முன்பே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முள் கோட்டின் மேலேயே நின்றது. "கொத்தனாரை வரச் சொல்லுங்கள் தம்பி" என்றார்.